யாரு கைங்க?

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போன முதல் விஷயம் அதுதான். கத்துகிற மேலதிகாரிகளிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அம்பத்தூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் ஒருவர் ஃபைலைத் தூக்கி மேஜையில் அடிப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்து அசடு வழிவார். அந்த மாதிரி ஆட்களை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்துவிடலாம். இவரை அப்படி நடித்துக் காட்ட முடியாது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். வாட்ச்மேனுக்கும் 'ங்க' போடுவார். என்னை 'அம்மிணி' என்பார். அந்த 'ங்க'வை வைத்துக்கொண்டே ஒரு ஆளின் பிழைப்பை முடித்துவிடுவார்.

திருமழிசை எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி பல வருடம் லாரிக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்தது. தனியாரும் ஆயுதம் செய்யலாம் என்று ஆனதும் எங்கள் முதலாளி துப்பாக்கியில் இறங்கினார். அரசாங்க வேலையில் ஆயுத வடிவமைப்பு பார்த்து ஓய்வு பெற்றிருந்த இவரைத் தேடிப் பிடித்துத் தலைமை வடிவமைப்பாளராக உட்காரவைத்தார். ஜீப்பிலும் கவச வண்டியிலும் உட்கார்ந்தபடியே எடுத்துச் சுடுகிற மாதிரி, நீளம் குறைந்த, எடை குறைந்த ஒரு துப்பாக்கி வேண்டும். அதற்கேற்ற தோட்டாவும் வேண்டும். இதுதான் எங்களுக்கு வேலை. நான் அளவுப் பிரிவு. அதாவது செய்து வருகிற ஒவ்வொரு பாகமும் வரைபடத்தில் உள்ள அளவில் இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து எழுதித் தருகிறவள்.

குள்ளமான மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் ஷெட்டுக்குள் வருவார். எதையும் தொடமாட்டார். குனிந்து பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார், தொட மட்டும் மாட்டார். ஏதாவது உடைந்திருந்தால், பிசகியிருந்தால், ஒரு போல்ட் தளர்ந்திருந்தால், ஏன் என்று கேட்கமாட்டார். "இது யாரு கைங்க?" என்றுதான் கேட்பார்.

பொருள் உடைந்தால் அது யாரோ ஒருவரின் கையால்தான் உடைந்திருக்க வேண்டும். வரைபடத்தில் தப்பு இருக்கலாம் என்பது அவருக்கு ஒரு வாய்ப்பாகவே தோன்றாது. "படத்துல இருக்கற வரைக்கும் எல்லாம் சுத்தமாத்தானுங்க இருக்குது அம்மிணி. கை பட்டாத்தான் கெடுது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஷெட்டில் அவருக்கு 'யார்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வைத்தது ஏழுமலை. திருமழிசை ஊருக்குள்ளேயே வீடு. அப்பா நிலத்தில் பாடுபட்டவர். நிலம் பிளாட் ஆனதும் மகன் எஸ்டேட்டுக்கு வந்தான். ஒப்பந்த ஆள்தான் என்றாலும் துப்பாக்கியைப் பூட்டுவது, கழற்றுவது, சோதனைக்குச் சுடுவது எல்லாம் அவன்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள்.

"பாத்தியாக்கா, கைய பின்னாடி கட்டிகினு வர்றாரு. எதுனா தொட்டா ரேகை பதிஞ்சிடும்னு பயம் போல கீது" என்பான். நான் சிரிப்பேன். அன்றைக்கு அது வெறும் கேலி.

டீ கொண்டுவருகிற ஒரு அம்மா இருந்தாள். ஒருநாள் அவர் மேஜை ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். இவர் கையைக் கட்டியபடியே திரும்பினார். அவர் முழங்கைதான் இடித்தது. டீ முழுக்க வரைபடத்தின் மேல் போயிற்று. நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் நனைந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இத இங்க வெச்சது யாரு கைங்க?"

அந்த அம்மாவுக்கு எங்களைப் போலப் பயம் கிடையாது. "நீதான் சார் திரும்பசொல்ல இடிச்சே. நான் இன்னா பண்ணுவேன்?"

"வெச்சது யாரு கைங்கன்னு கேட்டேன்."

"வெச்சது நான்தான். அதுக்கின்னா?"

"அவ்வளவுதானுங்க" என்று சிரித்தார். மறுநாள் வேறொரு பெண் டீ கொண்டுவந்தாள். பழைய அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு பேரில் ஒருவராவது முழங்கையைப் பற்றி வாயைத் திறந்திருக்கலாம்.

அவர் திறமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அந்த வேலையில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒருமுறை கம்பெனிக் காரில் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தோம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பந்தோபஸ்துக்குத் துப்பாக்கியோடு நின்ற ஒரு பெண் காவலரைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, வெயிலில் அரை மணி நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "பன்னெண்டு தடவ தோள மாத்தீட்டாங்க. அந்தப் பொண்ணுக்குக் கை சின்னதுங்க. துப்பாக்கி ஆம்பளைக்குச் செஞ்சது."

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். "கையக் குடுங்க அம்மிணி" என்றார். அவர் ஒன்றைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெர்னியர் அளவுகோலை எடுத்து என் விரல் ஒவ்வொன்றின் நீளம், உள்ளங்கையின் அகலம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று அளந்து குறித்துக்கொண்டார். இரும்பு சில்லென்று இருந்தது. மேலே 'சின்னக் கை' என்று தலைப்பு எழுதினார். என் பெயரை எழுதவில்லை. துப்பாக்கியின் பிடி அந்த அளவில்தான் வந்தது. முதல் மாதிரி வந்தபோது எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். எனக்கென்று தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது. ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் உள்ளங்கை அரிக்கிறது.

திருவேற்காட்டில் அவருக்கு ஒரு அடுக்குமாடி வீடு. ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆபீஸ்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி பரிமாறினார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த அம்மா அவரைப் பார்த்தார்.

"பரண் மேல இருந்து பாத்திரம் எறக்கறேன்னு ஸ்டூலோட உழுந்துட்டா. அவ கையில எதுவும் நிக்காதுங்க" என்றார் இவர், ரசத்தைக் குடித்துக்கொண்டே.

பிறகு கை கழுவப் போனபோது அந்த அம்மா எனக்குத் துண்டை நீட்டினார். "ஸ்டூல் காலு ஆடுதுன்னு ஒரு மாசமாச் சொல்லீட்டு இருந்தேன். அவரே ஆணி அடிச்சுச் சரி பண்ணுனாருங்க" என்றார். துண்டைத் திரும்ப வாங்கி மடித்தபடி, "இந்த ஊட்ல ஒடையறதெல்லாம் என் கையிலதான் கண்ணு ஒடையும்" என்றார். அந்த வார்த்தையில் அழுகை இல்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதையும் எழுதித் தரமாட்டார். இதை மாற்று, அதை இழைத்துவிடு, இந்த அளவை விட்டுவிடு, எல்லாம் வாய்வார்த்தைதான். அதை நாங்கள் எழுதுவோம், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். வேலை முடிந்து தேறிய பிறகு, கடைசி வரைபடத்தில் மட்டும் அவர் கையெழுத்து வரும்.

துப்பாக்கியின் எடையைக் குறைத்தாயிற்று. அடுத்தது தோட்டா. சுடும்போது முன்னால் பறந்து போவது குண்டு. மருந்தை அடைத்து வைத்திருக்கிற பித்தளைக் கூடு பின்னால் தங்கி, பிறகு வெளியே தெறிக்கும். அந்தக் கூட்டின் சுவரை மெலிதாக்கினால் ஒவ்வொரு தோட்டாவிலும் கொஞ்சம் எடை குறையும். "நூறு தோட்டா தூக்கறவன் முதுகக் கேளுங்க அம்மிணி, கொஞ்சம்ங்கறது எவ்வளவுன்னு அவன் சொல்லுவான்" என்பார். அதுவும் சரியான பேச்சுதான்.

மெலிந்த கூட்டோடு முதல் ஐம்பது தோட்டாக்களைச் சுட்டோம். கம்பெனிக்குள்ளேயே அதற்கு ஒரு நீளமான சுரங்கம் உண்டு. துப்பாக்கியை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று ஏழுமலை கயிற்றை இழுப்பான். ஆள் அருகில் இருக்கமாட்டான். சுட்ட கூடுகளைத் தட்டில் அடுக்கி என்னிடம் கொண்டுவந்தான். லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஏழு கூடுகளில், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, மயிரிழை போல ஒரு விரிசல் சுற்றி ஓடியது. கூடு அந்த இடத்தில் பிய்ந்தால் எரிகிற வாயு முன்னால் போகாமல் சுடுகிறவன் பக்கம் திரும்பும். எழுதிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை டெல்லியிலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறது. அவர் தாளைத் தொடாமல், மேஜைமேல் வைக்கச் சொல்லிக் குனிந்து படித்தார்.

"இத அளந்தது யாரு கைங்க?"

"நான்தான் சார்."

"ராத்திரி சரியாத் தூங்குனீங்களா?"

"தூங்கினேன் சார்."

"கை நடுங்கீருக்குதுங்க. கழுவறப்போ விழுந்த கீறல எல்லாம் விரிசல்னு எழுதீருக்கறீங்க. மறுக்கா அளங்க. விரிசல் இல்லாம அளங்க அம்மிணி."

நான் திரும்பிப் போய் மறுபடி பார்த்தேன். விரிசல் அங்கேயே இருந்தது. ஏழு கூடுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இருந்தது. அண்ணனூரில் எங்களுக்கு வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் ரயில் ஷெட்டில் வேலை; அவர் ஒருவர் சம்பளத்தில் முடியாது. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அந்த நேரத்தில் இவ்வளவு கோவையாக எதுவும் யோசிக்கவில்லை. அவர் அவ்வளவு தன்மையாகச் சொன்னார், நான் புதுத் தாள் எடுத்தேன். 'மேற்பரப்புக் கீறல், ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய தாளை அவர் எதிரிலேயே கிழிக்கச் சொன்னார். கிழித்தேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. குழுவில் இருந்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாண்டில் வைத்துச் சுட்டுக் காட்டினால் போதாது, கையில் பிடித்துச் சுட்டால்தான் எடை குறைந்தது தெரியும் என்றார் இவர். ஏழுமலை எடுத்தான். கண்ணாடி, காது மூடி எல்லாம் போட்டிருந்தான். போகிற வழியில் என்னைப் பார்த்து, "இன்னாக்கா மூஞ்சி இப்டி கீது? நல்லா தூங்கலியா?" என்றான்.

அப்போதுகூட வாய்வரைக்கும் வந்தது.

பத்துக்கு மேல் ஒழுங்காக வெடித்தன. அடுத்ததன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. 'டப்' என்று, பானை உடைகிற மாதிரி. தோட்டா அடுக்கியிருந்த பெட்டி கீழ்ப்பக்கமாக வெடித்துச் சிதறியது. அதற்கு அடியில்தான் அவன் இடது கை இருந்தது. துப்பாக்கி தரையில் விழுந்தது. ஏழுமலை நின்றபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு விரல்கள் இருந்த இடத்தில் வெறும் ரத்தம்.

முதலில் உள்ளே போனவர் அவர்தான். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் ஏழுமலையைத் தாண்டிப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தோட்டா போட்டது யாரு கைங்க?"

ஏழுமலைக்கு என்ன கேட்கிறார் என்று புரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்திருப்பதுபோல், மிச்சமிருந்த வலது கையைத் தூக்கினான்.

"என் கைதான் சார்."

என் துப்பட்டாவைச் சுற்றித்தான் அவனை வண்டியில் ஏற்றினோம்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி விசாரணை வைத்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தோட்டாவைத் தவறாகப் போட்டது ஏழுமலை என்றும், சம்பவ இடத்திலேயே அதை அவனே ஒப்புக்கொண்டான் என்றும் இவர் சொன்னார். "எல்லாரும் கேட்டாங்களுங்க" என்றார். அது உண்மைதான், எல்லாரும் கேட்டோம்.

நான் எழுந்தேன். முதலில் ஏழு விரிசல் எழுதிக் கொடுத்தேன், சார் சொல்லி மாற்றினேன், பழைய தாளை அவர் எதிரில்தான் கிழித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாவம், அம்மிணி பயந்துட்டாங்க. நான் எழுதிக் குடுத்தனுங்களா?"

"இல்ல. வாயில சொன்னீங்க."

"இப்போ இருக்கற ரிப்போர்ட் எழுதுனது யாரு கைங்க?"

மேஜைமேல் இருந்த என் அறிக்கையை மூவரில் ஒருவர் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என் கை சார்."

"அவ்வளவுதானுங்க."

விபத்துக்குக் காரணம் ஒப்பந்தப் பணியாளரின் கவனக்குறைவு, அளவுப் பிரிவின் பிழை என்று முடிவு எழுதினார்கள். ஏழுமலையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். கூட்டின் சுவரைப் பழையபடி கனமாக்கினார்கள் என்றும், அதற்குப் பிறகு துப்பாக்கி எல்லாச் சோதனையிலும் தேறியது என்றும் கேள்விப்பட்டேன். கடைசி வரைபடத்தில் அவர் கையெழுத்து இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏழுமலை வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். நடந்ததை அவனிடமும் சொன்னேன். அவன் மனைவி உட்காரச் சொல்லவில்லை. அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு நாளு இருந்திச்சேக்கா. திங்கக்கெழமையிலேர்ந்து வியாழக்கெழம வரிக்கும். டெய்லி என்கூட டீ குடிச்சே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே" என்றான்.

பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் அவன் வழக்குப் போட்டிருக்கிறான் என்று மட்டும் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு, பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க நின்றேன். பக்கத்தில் வெள்ளை அரைக்கைச் சட்டை. கொஞ்சம் மெலிந்திருந்தார். வேறு மாற்றம் இல்லை.

"அம்மிணி, சௌக்கியங்களா?" என்று முகம் மலர்ந்து கேட்டார். நடிப்பில்லை. என்னைப் பார்த்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறொரு கம்பெனிக்கு ஆலோசகராகப் போகிறாராம். அங்கேயும் ஒரு துப்பாக்கி, இதைவிடச் சின்னது. அளவுப் பிரிவுக்கு நல்ல ஆள் கிடைக்கவில்லையாம்.

"நீங்க வந்துருங்களேன். நான் சொன்னா எடுத்துக்குவாங்க."

"என் கை நடுங்கும்னு சொன்னீங்களே சார்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் ஏதோ சின்னப்பிள்ளைத்தனமாகப் பேசிவிட்ட மாதிரி.

"அட, உங்க கையாட்ட சுத்தமான கை வருமுங்களா? அந்த ஏழும் விரிசல்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. லென்ஸே வேண்டாம், தட்டுல பாத்தப்பவே தெரிஞ்சுது. வியாழக்கிழம ஒருநாள் தாங்கீரும்னு நெனச்சேன். அதானுங்க."

ஆட்டோ வந்தது. அவர் ஏறி, தள்ளி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டார். "வாங்க அம்மிணி" என்றார். ஆட்டோக்காரர், "வர்றியாம்மா, இல்லியா?" என்று கத்தினார். நான் ஏறவில்லை.

இவ்வளவு நாளும் அவரை ஒரு குருடர் என்று நினைத்து வெறுத்திருந்தேன். தன் படத்தின் மேல் உள்ள நம்பிக்கையால் கண் மறைந்துபோன மனிதர் என்று. அந்த வெறுப்பில் ஒரு ஓரத்தில் இரக்கம்கூட இருந்திருக்கிறது. அந்த இரக்கம் ஆட்டோ ஸ்டாண்டிலேயே செத்துப்போயிற்று. அந்த ஆட்டோ போனதும், திருமழிசைக்கு வேறொரு ஆட்டோவைப் பிடித்தேன்.

ஏழுமலை வாசலில் உட்கார்ந்து சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சீப்பு நின்றது. மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா?"

நின்றபடியே சொன்னேன். ஆட்டோ ஸ்டாண்டு, அவர் கேட்டது, நான் கேட்டது, அவர் சிரித்தது, சொன்னது எல்லாவற்றையும். அவன் சீப்பைக் குழந்தையிடம் கொடுத்தான். எழுந்து உள்ளே போனான். அவ்வளவுதான், இனி கதவைச் சாத்திவிடுவான் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தான். இடது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் அதைத் தூக்கி வந்து எனக்கு எதிரே போட்டான். வலது கையில் போன்.

"வக்கீலுக்கு அனுப்பணும்" என்றான். "கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

"சொல்வேன்."

"அவரு மறுபடியும் யாரு கைன்னுதான் கேப்பாரு."

"கேக்கட்டும்."

ரெக்கார்டை அழுத்திப் போனை என் முகத்துக்கு அருகில் பிடித்தான்.

"உக்காந்து சொல்லு. ஆட்டோ ஸ்டாண்டுல இருந்து இல்ல. திங்கக்கெழமையிலேர்ந்து."

உட்கார்ந்தேன். முதலில் என் பெயரைச் சொன்னேன்.